ஊர்வலத்தின் முன்வரிசை

2001ஆம் ஆண்டு பாரிஸ் நகரத் தெருக்களில் அந்த நகரம் அதுவரை பார்த்திராத ஓர் ஊர்வலம் போனது. கூலி உயர்வு, ஓய்வூதியம், கல்விக் கட்டணம் என்று பாரிஸ்காரர்கள் தெருவில் இறங்காத விஷயம் குறைவு. ஆனால் இறைச்சி தின்னாதவர்கள் ஒன்றுகூடி, ‘நாங்கள் இறைச்சி தின்னாதவர்கள்’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தது அதுதான் முதல்முறை. ‘வெஜி பிரைட்’ என்று பெயர் வைத்தார்கள். ஒருபாலீர்ப்பாளர்களின் ‘பிரைட்’, அதாவது ‘பெருமை’, ஊர்வலத்திலிருந்து எடுத்த பெயர். அதற்குப் பின்னால் இருந்தவர்கள் 1991 முதல் ‘கயே ஆன்டிஸ்பெசிஸ்ட்’ என்ற சிற்றிதழைச் சுற்றிக் கூடிய சிறு குழுவினர். மனிதன் அல்லாத உயிர் என்பதாலேயே அதன் வலி நமக்குப் பொருட்டில்லை என்று நினைப்பதும், கறுப்பர் என்பதாலோ பெண் என்பதாலோ ஒருவரின் வலியை ஒதுக்குவதும் ஒரே நோயின் வடிவங்கள் என்று எழுதிவந்தவர்கள்.

பிரான்சில் அன்றைக்கு அந்த ஊர்வலத்தின் தேவை உண்மையானது. உணவையே தேசத்தின் கௌரவமாகக் கருதும் நாடு அது. வாத்தின் தொண்டையில் குழாயைச் செருகித் தீவனம் திணித்து, வீங்க வைத்த ஈரலை விருந்தின் உச்சமாகப் பரிமாறுகிற நாடு. 2006இல் அந்த ஈரலைப் பண்பாட்டுச் செல்வமென்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஞாயிற்றுக்கிழமை குடும்ப விருந்தில் ஒருவர் தட்டை நகர்த்திவைத்தால் கேலி கிளம்பும். பிறகு அக்கறை என்ற பெயரில் மிரட்டல் வரும். கடைசியில் அந்த மனிதரே, ‘டாக்டர் வேண்டாமென்றார்’ என்று ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார். தான் தின்னாததற்குக் காரணம் அந்த விலங்கு என்பதை அவரால் சொல்ல முடியாது. கூச்சம் வாயை அடைக்கும்போது விலங்கைப் பற்றிய பேச்சும் அதோடு செத்துப்போகிறது. ஆகவே முதலில் கூச்சத்தை உடைப்போம், தெருவில் நடந்து உடைப்போம் என்று முடிவெடுத்தார்கள். 2008இல் நியூயார்க்கிலும் இதே பெயரில் ஊர்வலம் தொடங்கியது. ஒரு காலத்தில் இறைச்சிக் கிடங்குகள் நிறைந்திருந்த, இன்றும் ‘மீட்பேக்கிங் டிஸ்ட்ரிக்ட்’ என்றே அழைக்கப்படும் வட்டாரத்தில் கூடி, காய்கறி வேடமெல்லாம் போட்டுக்கொண்டு கிரெனிச் வில்லேஜ் வழியாக நடந்தார்கள்.

அதன்பின் மேலை நாடுகளில் நடந்த ஊர்வலங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. 2012இல் பாரிஸில் வேறோர் அமைப்பு நடத்திய ஊர்வலத்தின் கோரிக்கை, இறைச்சிக்கூடங்களை மூட வேண்டும் என்பது. நடந்தவர்கள் சிவப்பு உடுத்தியிருந்தார்கள். 2016இல் லண்டனில் தொடங்கிய ஊர்வலம் தன்னை விலங்குரிமை ஊர்வலம் என்றே அழைத்துக்கொண்டது. நடப்பவரின் பெருமை பெயரிலிருந்து மெல்ல இறங்கிவிட்டது, விலங்கு ஏறிக்கொண்டது. அமைப்புகள் வேறு, ஆட்கள் வேறு, யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனாலும் அந்த நகர்வு சரியான நகர்வு என்று நினைக்கிறேன். நம் ஊரில் இப்படி ஓர் ஊர்வலம் எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியதும் இதைத்தான்.

ஏனென்றால் பாரிஸ்காரருக்கு இருந்த கூச்சம் இங்கே கறி தின்னாதவருக்கு இல்லை. இங்கே அந்தப் பெருமை வீட்டு வாசலில் ‘டு லெட்’ பலகைக்குக் கீழே, ‘சைவம் மட்டும்’ என்று ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கிறது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். அந்தத் தொண்ணூற்றேழு பேரில் எத்தனை பேர் வாடகைக்கு வீடு தேடும்போது, சமையலறையில் என்ன வேகும் என்ற கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்லியிருப்பார்கள்! 2018இல் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவ மாணவருக்கு ஒரு வாசல், அசைவ மாணவருக்கு ஒரு வாசல், கைகழுவும் தொட்டியும் தனித்தனி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகு அகற்றப்பட்டது. சோற்றுத் தட்டின் வழியாகச் சாதி கேட்பது நமக்குப் பழகிப்போன காரியம். பிரான்சில் கூச்சப்படும் சிறுபான்மையின் குரலாகப் பிறந்த பெருமை, இங்கே பெயர் மாறாமல் வந்திறங்கினால், தலைக்கு மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் இன்னொரு முழக்கமாகத்தான் கேட்கும்.

வடக்கே அது முழக்கத்தோடும் நிற்கவில்லை. 2015 செப்டம்பரில் தாத்ரியில், வீட்டில் மாட்டுக்கறி வைத்திருந்ததாகக் கிளம்பிய வதந்தியில் முகமது அக்லாக் அடித்துக் கொல்லப்பட்டார். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அடுத்த மாதம் அகமதாபாத்திலிருந்து ஊனா வரை தலித்துகள் நடத்திய நடைப்பயணம் ஆகஸ்ட் 15 அன்று முடிந்தது. இந்த நாட்டில் அண்மைக் காலத்தில் மாட்டையொட்டி நடந்த நடைகளில் மிக முக்கியமானது எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். விலங்குரிமை பேசுகிறவர்கள் அந்த நடையைத் தங்களுக்கு எதிரானதாக எண்ணினால், தாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அவர்களே அறிவித்துவிட்டதாக ஆகும்.

சென்னையில் இப்படியொரு ஊர்வலத்துக்கான ஆலோசனைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர். தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் ஓர் அம்மாள், ஒரு கால்நடை மருத்துவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், கல்லூரி மாணவர்கள். பதாகைக்கு வங்கி அதிகாரி ஒரு வாசகம் எழுதி வந்திருந்தார். ‘சைவ உணவே நம் பெருமை.’ நல்ல மனிதர், அவருடைய எண்ணத்தில் களங்கமில்லை. வாசகத்தைப் படித்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்:

“சார், இந்த பேனர் பின்னாடி நான் எப்படி நடக்கறது? எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா கறிதான். அம்மா அதுக்காகவே வாரம் பூரா காசு எடுத்து வப்பாங்க. நான் மட்டும்தான் விட்டுட்டேன். கோழியப் பாத்து விட்டேன் சார். பெருமைக்காக விடல.”

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ என்ன எழுதலாம்னு நீயே சொல்லும்மா” என்றார்.

“கோழியப் பத்தி எழுதுங்க சார். நம்மளப் பத்தி வேணாம்.”

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிறப்பால் கறி தின்னாதவர் வேறு, ஓர் உயிரைப் பார்த்து நிறுத்தியவர் வேறு. காந்தி இரண்டாகவும் இருந்தவர். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக லண்டனில் பசியோடு அலைந்தவர், ஹென்றி சால்ட் எழுதிய சிறு நூலைப் படித்த பிறகுதான் தன் விருப்பத்தால் மரக்கறி உண்பவர் ஆனதாகத் தன் சரிதையில் சொல்கிறார். 1931 நவம்பரில் வட்டமேசை மாநாட்டுக்குப் போயிருந்தபோது லண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தில் பேசினார். சால்ட்டும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மற்றவரை மாற்ற விரும்புகிறவருக்குச் சகிப்பும் அடக்கமும் வேண்டும் என்பதுதான் அன்று அவர் அந்தச் சங்கத்தாருக்குச் சொன்ன புத்தி. உடம்பு நலத்துக்காகக் கறியை விட்டவர்கள் நிலைப்பதில்லை, அறம் அடிப்படையாக இருந்தால்தான் நிலைக்கும் என்றும் சொன்னார்.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய வழிகாட்டி ஒருவர் உண்டு. மணிமேகலையின் ஆபுத்திரன். பிறந்ததும் தாய் சாலி தோட்டத்தில் விட்டுவிட்டுப் போன குழந்தை. ஏழு நாள் ஒரு பசு வந்து பால் சொரிந்து காத்தது. வயனங்கோட்டு அந்தணர் இளம்பூதி எடுத்து வளர்த்தார். வளர்ந்த பையன் ஒருநாள் ஒரு வீட்டில் வேள்விக்காகக் கட்டப்பட்ட பசுவைப் பார்க்கிறான். கொம்பில் மாலை சுற்றியிருக்கிறது. அது பயந்து கதறுகிறது. அன்றிரவு ஒளிந்திருந்து பசுவை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போகிறான். பிடித்து அடிக்கிறார்கள். அடித்தவரில் ஒருவரைப் பசு குத்திச் சாய்த்துவிட்டுக் காட்டுக்குள் ஓடிப்போகிறது. அதன்பின் ஊர் அவன் பிறப்பை இழுக்கிறது. இழிந்தவன், முறைதவறிப் பிறந்தவன் என்கிறது. வளர்த்த தந்தையும் கைவிடுகிறார். பிச்சைக்குப் போனால் ஓட்டில் கல்லைப் போடுகிறார்கள்.

தமிழில் ஒரு விலங்கின் கட்டை அவிழ்த்து விடுவித்தவனாக நமக்குக் கிடைக்கும் முதல் மனிதனின் கதை இது. அவனுக்கு நேர்ந்தது என்ன என்று கவனியுங்கள். பசுவைக் கட்டியவர்கள் தூய்மை பேசியவர்கள். அவிழ்த்தவன் பிறப்பால் தள்ளப்பட்டான். அங்கிருந்து துரத்தப்பட்ட ஆபுத்திரன் மதுரைக்குப் போய் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி என்ன செய்தான் என்பது அதைவிட முக்கியம். வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், ஆதரவற்றவர், நோயாளிகள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டான். மிஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பசுவின் மேல் இருந்த இரக்கமும் பசித்த மனிதன் மேல் இருந்த இரக்கமும் அவனுக்குள் இரண்டாகப் பிரியவே இல்லை. வடலூரில் வள்ளலார் செய்ததும் இதுதான். புலால் மறுப்பை விடாமல் வலியுறுத்திய அவர், 1867இல் கட்டி எழுப்பியது பசித்தவருக்கான தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. குறளிலும் புலால் மறுத்தலுக்கு முந்தைய அதிகாரம் அருளுடைமை. இரண்டுமே துறவறவியலில் இருக்கின்றன. அருளில் தொடங்கி, தன்னைக் குறைத்துக்கொள்ளும் வழியில் வருகிற மறுப்பு அது. தன்னை உயர்த்திக் காட்டும் கருவியாக யாரும் அதை அங்கே வைக்கவில்லை.

இதை மறந்து மேலிருந்து கட்டளையிட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடைசெய்யும் சட்டம் இங்கே 1950லேயே வந்தது. அரை நூற்றாண்டு காகிதத்தில் கிடந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதைக் கறாராக அமல்படுத்த உத்தரவிட்டபோது, அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் கிடா நேர்ந்திருந்த கிராமங்கள் கொதித்தன. எங்கள் சாமியை மாற்ற நீ யார் என்று கேட்டன. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. ஓர் ஆடு கூடத் தப்பவில்லை. கிடாவெட்டைப் பார்க்கையில் எனக்கு வயிறு கலங்கும். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடி வெட்டும் ஆட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, நாள்தோறும் லட்சக்கணக்கில் கூண்டுக்குள் வாழ்ந்து சாகும் கோழியைப் பற்றி வாய் திறக்காத கருணையை ஏற்க மனம் வரவில்லை.

கோழியைப் பற்றிப் பேசச் சொன்னாள் அந்தப் பெண். பேசுவோம். காலையில் ஆறு மணிக்கு எந்த ஊர்ச் சாலையில் நின்றாலும் பார்க்கலாம். இருசக்கர வண்டியின் இரண்டு பக்கமும் கால்களைச் சேர்த்துக் கட்டிய கோழிகள் தலைகீழாகத் தொங்கும். சக்கரத்துக்கும் அவற்றின் தலைக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். சிக்னலில் வண்டி நின்றபோது ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். அலகு திறந்திருந்தது. ஓசை இல்லை. சிறகு ஒன்று கழன்று விழுந்ததுபோல் தொங்கியது. கோழிக்குக் கண் மூடுவது கீழிமை மேலேறி. அந்த இமை மெல்ல மேலே வந்து பாதியில் நின்றது, பிறகு இறங்கியது. பச்சை விளக்கு விழுந்ததும் வண்டி போய்விட்டது. விலங்கைத் துன்பம் தரும்படி ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சாலையில் நின்ற ஒருவருக்கும், நின்றிருந்த போக்குவரத்துக் காவலர் உட்பட, அது குற்றமாகப் படவில்லை. வண்டி ஓட்டியவரையும் நான் குறை சொல்லமாட்டேன். விடிவதற்குள் நாலு கடைக்குச் சரக்குப் போட்டால்தான் அவருக்கு அன்றைய கூலி.

நாமக்கல் வட்டாரத்தில் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. அந்த முட்டையை இடும் கோழி கம்பிக் கூண்டில் வாழ்கிறது. ஒரு கோழிக்கு ஏறத்தாழ 450 சதுர சென்டிமீட்டர் இடம். நாம் கடிதம் எழுதும் ஏ4 தாளின் பரப்பே 620 சதுர சென்டிமீட்டருக்கு மேல். சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, ஒன்றரை ஆண்டு அப்படியே. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகளால் முட்டையும் இல்லை, லாபமான கறியும் இல்லை என்பதால் பொரித்த நாளிலேயே அவை கொல்லப்படுகின்றன. கறிக்கோழி ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. நாம் தின்பது பெரிய உடம்பு கொண்ட குஞ்சு.

பாலுக்கும் இதில் பங்குண்டு. கறியைத் தொடாமல் காபியும் தயிரும் நெய்யுமாக வாழ்பவர் தன் தட்டில் ரத்தம் இல்லை என்று நம்புகிறார். கன்று ஈன்றால்தான் பால். காளைக்கன்று பிறந்தால் உழவுக்கும் வேலையில்லை, வண்டிக்கும் வேலையில்லை என்றாகிவிட்ட காலம் இது. பால் வற்றிய மாடும், தேவையில்லாத கன்றும் பொள்ளாச்சி போன்ற சந்தைகள் வழியாக அடிமாட்டு லாரிகளில் கேரளத்துக்குப் போகின்றன. பால்காரரிடம் காசு கொடுத்தவருக்கும் கறிக்கடையில் காசு கொடுத்தவருக்கும் அந்த லாரியில் பங்கிருக்கிறது. இதை ஒப்புக்கொண்ட பிறகு, ‘சைவ உணவே பெருமை’ என்ற பதாகையைத் தூக்கிப் பிடிக்க யாருக்கும் கை வராது. ஊர்வலத்தில் நடக்கப்போகும் கறி தின்னாதவரும், வேடிக்கை பார்க்கும் கறி தின்பவரும் அந்த லாரியின் முன்னால் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

லாரி என்றதும் கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டொராண்டோவுக்குப் பக்கத்தில் 2015 ஜூனில், இறைச்சிக்கூடத்துக்குப் போகும் பன்றி லாரி ஒன்று சிக்னலில் நின்றது. கடும் வெயில். ஆனிட்டா கிராய்ன்ஸ் என்ற பெண் கம்பி இடுக்கு வழியாகப் பன்றிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அடுத்தவர் சொத்துக்கு ஊறு விளைவித்ததாக அவர்மேல் குற்றவழக்குப் போட்டார்கள். 2017 மே மாதம் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தப் பன்றிகள் அன்றே வெட்டப்பட்டிருந்தன. அவர் எந்தச் சமையலறைக்குள்ளும் நுழையவில்லை, எவருடைய தட்டையும் பார்த்து முகம் சுளிக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தார், உலகம் திரும்பிப் பார்த்தது. கொளுத்தும் சித்திரையில் நம் நெடுஞ்சாலையில் நிற்கும் மாட்டு லாரிக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோக எந்த மதமும் எந்தச் சாதியும் தடை சொல்லாது.

விலங்கின் பேரால் மனிதர்கள் தெருவில் ஒன்றுசேர்ந்ததற்கு நூறாண்டுக்கு முந்தைய லண்டன் நல்ல சான்று. 1903இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், மாணவர்கள் முன்னால் பழுப்பு நிற நாய் ஒன்று உயிரோடு அறுக்கப்பட்டது. அதைப் பார்த்த இரண்டு சுவீடன் நாட்டுப் பெண்கள் எழுதி வெளியிட்டார்கள். நாய் மயக்கத்தில் இருந்தது என்றார் அறுத்தவர். மானநஷ்ட வழக்கிலும் வென்றார். 1906இல் பேட்டர்சி என்ற தொழிலாளர் குடியிருப்பில் அந்த நாய்க்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பீடத்தில் மனிதரும் விலங்கும் தண்ணீர் குடிக்க ஏற்பாடு இருந்தது. மருத்துவ மாணவர்கள் சிலையை உடைக்கக் கிளம்பினார்கள். 1907 டிசம்பரில் நாய்ப் பொம்மைகளைக் கம்பில் குத்திக்கொண்டு டிரஃபால்கர் சதுக்கம் வரை ஊர்வலம் போனார்கள். பெண்களின் வாக்குரிமைக் கூட்டங்களுக்குள் புகுந்து நாற்காலிகளை உடைத்தார்கள். சிலையைக் காத்து நின்றவர்கள் யார்? பேட்டர்சியின் கூலித் தொழிலாளர்கள், தொழிற்சங்கத்தார், வாக்குரிமை கேட்ட பெண்கள். 1910 மார்ச்சில் விடிவதற்கு முன்னால், 120 காவலர்களின் பாதுகாப்போடு நகராட்சியே சிலையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடிச் சிலையைத் திருப்பிக் கேட்டார்கள்.

அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் கறி தின்றவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். தரும ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்களையும் சோதனைப் பொருளாக்கிவிடுவார்கள் என்ற பயம் ஏழைகளுக்கு இருந்தது. கட்டப்பட்டுக் கிடந்த நாயில் அவர்கள் தங்களைக் கண்டார்கள் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது முழுக்கப் பொருந்துகிறது. ஒரு விலங்கின் துன்பத்தைத் தன்னுடையதாக உணர, தானும் கொஞ்சம் மிதிபட்டிருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் மிதிபட்டவர்களுக்கு அது சீக்கிரம் விளங்கிவிடுகிறது. இங்கே அவர்களை வெளியே நிறுத்திவிட்டு யாரைக் கூட்டி ஊர்வலம் போவது?

தமிழ்நாட்டில் ஒரு விலங்கின் பேரால் கூடிய மிகப்பெரிய கூட்டம் 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியது. ஜல்லிக்கட்டு வேண்டும் என்று கூடியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடையை எதிர்த்துத் திரண்ட இளைஞர்கள். சட்டம் திருத்தப்பட்டது, 2023இல் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது. விலங்குரிமை பேசுகிற நண்பர்கள் பலருக்கு அந்தக் கூட்டத்தின் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அடைக்கப்பட்ட வாடிவாசலில் காளை மிரள்வதை நானும் பொறுக்கமாட்டேன். ஆனால் அங்கே கூடியவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று காளையைச் சொன்னது பொய்யில்லை. காளைக்குத் தனிக் கொட்டகை போட்டுத் தான் வெறும் தரையில் படுக்கிறவர்களை அலங்காநல்லூர்ப் பக்கம் பார்க்கலாம். அந்த அன்பைப் பகையாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஓடும் காளையிடம் வைத்த பாசம், ஓட முடியாமல் லாரியில் நிற்கும் மாட்டுக்கும் கிடைக்கட்டும் என்று அவர்களிடமே போய்க் கேட்க வேண்டும்.

ஊர்வலம் நடத்துவதில் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலைகள் நிறைய. சென்னை என்றால் 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவு. முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். புறப்படும் இடம், முடியும் இடம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் யார் என்று எல்லாம் எழுதித் தர வேண்டும். ஊர்வலமா ஆர்ப்பாட்டமா என்று கேட்பார்கள். ஆர்ப்பாட்டம் என்றால் வள்ளுவர் கோட்டத்தின் பக்கம் கைகாட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஆட்கள் வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நடந்துவிடும்.

அதைவிடக் கடினம் மூன்று தீர்மானங்கள். சத்துணவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முட்டைக்கு எதிராக இந்த ஊர்வலம் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கி 2010இல் பள்ளி நாளெல்லாம் என்று வளர்ந்த அந்த முட்டை, நம் ஏழைக் குழந்தைகளின் தட்டில் உள்ள புரதம். கோழியைக் கூண்டிலிருந்து விடுவிக்கச் சொல்லிப் பண்ணையிடமும் அரசிடமும் கேட்கலாம். குழந்தையின் தட்டில் கைவைக்கக் கூடாது. அடுத்தது, மாட்டுக்கறி தின்பவரைத் தாக்குகிற எந்த அமைப்பின் கொடிக்கும் ஊர்வலத்தில் இடமில்லை என்று துண்டறிக்கையிலேயே அச்சடிக்க வேண்டும். மூன்றாவது, கறி தின்பவர்களையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கிடை போடும் கீதாரியை அழையுங்கள். ஆட்டின் கால் முறிந்தால் தோளில் தூக்கி நடக்கும் மனிதர் அவர். கோழிக்கடையில் நாளெல்லாம் கத்தி பிடித்து நிற்கும் பையனை அழையுங்கள். அந்த வேலை அவன் மனத்தில் என்ன செய்கிறது என்று எவரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள்.

கோரிக்கையிலும் சுற்றி வளைக்க வேண்டாம். மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர் சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்து தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி ஒரு விலங்கை அடித்து, பட்டினி போட்டு, மூச்சுமுட்ட லாரியில் திணித்து வதைத்தவர் முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. 1960இல் ஐம்பது ரூபாய் ஒரு தொகை. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த உச்சவரம்பை உயர்த்தவில்லை. இன்று பேருந்து நிலைய டீக்கடையில் இரண்டு டீக்குப் போதாத காசு அந்தக் குறைந்தபட்ச அபராதம். வருகிற ஊர்வலத்தின் முதல் பதாகையில் அந்தப் பத்து ரூபாயை எழுதுங்கள். கறி தின்பவரும் தின்னாதவரும் அதன் பின்னால் சேர்ந்து நடக்கலாம். நீங்களும் வாருங்கள்.